பீப்பாய் நிறையத் தண்ணீர்

செத்த செடிகளுக்கு நடுவில் தார்தோ நின்றிருந்தான். அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்னும் கசப்பு இலைநீர் குடிக்கும் சுரைக்குடுக்கை, முகத்தில் ரத்தமே இல்லை.

"பாரு வாஷி. உன் கண்ணாலயே பாரு."

பார்த்தேன். விளக்கு மட்டும் வஞ்சனை இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே காத்தாடிச் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக அரசாங்க அனுமதியோடு வளர்த்த கஞ்சாச் செடிகள் அத்தனையும் பூவும் மொட்டுமாகத் தலை தொங்கிக் காய்ந்து நின்றன. ஓர் இலையைத் தொட்டேன், அப்பளமாக நொறுங்கியது.

என் பெயர் வாஷிங்டன். உருகுவேயின் தலைநகரான மோந்தேவிதேயோவில் தெருவுக்கு நாலு வாஷிங்டன் உண்டு, ஒருத்தன் பையிலும் டாலர் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. துப்பறியும் சுல்மா எச்செவெரிக்கு நான் உதவியாளன். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். காப்பீட்டுக் கம்பெனியில் பாதி ஆயுளைப் பொய் கேட்டே கழித்தவர். ஊரே அவரை மரியாதையாக 'தோன்யா', அதாவது அம்மணி, என்று கூப்பிடும். நானும் அப்படித்தான், சம்பளம் தாமதமாகும் மாதங்களில் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக.

தார்தோ என் சிநேகிதன். என் மகளுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்போம். சங்கத்தின் தோட்டக்காரனும் அவன்தான். அங்கே வளர்வது அவனே வருஷக்கணக்காகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம். பெயர் மான்சா, சாது என்று அர்த்தம். தலையைச் சுற்ற வைக்காது, முறுக்கிக்கொண்ட கைகாலை மட்டும் தளர்த்திவிடும்.

"எப்ப போனீங்க, எப்ப வந்தீங்க?" என்றார் சுல்மா.

"டூரிஸ வாரம் ஆரம்பிச்சதும் கடற்கரைக்குப் போனேன் தோன்யா. நேத்து வந்து கதவத் தொறந்தேன்." அவன் குரல் உடைந்தது. "இன்னொரு சாவி எபேர்கிட்ட. ஒரு தடவ எட்டிப் பாத்துக்கோடான்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

அந்த வாரத்தை மற்ற நாடுகள் புனித வாரம் என்கின்றன. எங்கள் அரசாங்கம் நாணயமாக டூரிஸ வாரம் என்றே அச்சடித்துவிட்டது. ஊரில் நாய்கூட இருக்காது. அதற்காகத்தான் அந்த அறையில் தானே தண்ணீர் காட்டும் ஏற்பாடு இருந்தது. ஆலிவ் காய் வந்த நீலப் பீப்பாய் ஒன்று உயரமான மேடையில் உட்கார்ந்திருக்கும். அதன் அடியிலிருந்து மெல்லிய குழாய் கீழே தட்டுகளுக்கு வரும். தட்டில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வழி விடும், நிறைந்தால் ஏறி அடைக்கும். தட்டின் மேல் உட்கார்ந்த தொட்டிகள் திரி வழியாக வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். தார்தோவும் சங்கத்தின் இன்னொரு உறுப்பினனான எபேரும் சேர்ந்து கட்டியது.

சுல்மா பீப்பாயை விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டினார். எங்குமே கனத்த சத்தம்தான். குழாயின் திருகு திறந்தே இருந்தது. தட்டில் மிதவை மிதக்க ஒன்றுமில்லாமல் கவிழ்ந்து கிடந்தது.

"பீப்பாய் நிறையத் தண்ணி. செடியெல்லாம் தாகத்துல போயிருக்கு. வாஷிங்டன், அந்த மூடியத் தொற."

"என் படிப்புக்கேத்த வேல இன்னிக்குத்தான் கெடச்சுது."

ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலையும் முட்டுக் கொடுத்துத் திருகினேன். மூடி 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு திறந்தது. தண்ணீர் பீப்பாயின் கழுத்து வரை நின்றது. அடுத்த நொடி குழாய்க்குள் களகளவென்று சத்தம். தட்டுகளில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. பிணத்தை எடுத்த பிறகு வந்து சேர்ந்த டாக்டரைப் பார்ப்பதுபோல நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பால் டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டுக் கவுத்துப் பாரு. பால் வராது," என்றார் சுல்மா. "காத்து உள்ள போனாத்தான் தண்ணி வெளிய வரும். யாரோ மூடிய இறுக்கியிருக்காங்க."

"மூடிக்கடியில ஒரு ஒயின் தக்கையச் சொருகி வெச்சிருப்பேன், மூச்சு விட," என்றான் தார்தோ. "தக்கையவே காணோம். எபேர் எந்த மூடியப் பாத்தாலும் இறுக்குவான் தோன்யா. ஃபிளாஸ்க் புடிச்ச கை. உள்ள பாக்கறேன்னு தொறந்திருப்பான், பழக்க தோஷத்துல மூடியிருப்பான். அங்க பாருங்க."

மூலைத் தொட்டியில் பச்சையாக ஒரு குவியல். மாத்தே குடித்து முடித்து, குடுக்கையைத் தட்டிக் கொட்டிய இலைத்தூள்.

"நான் இந்த அறையில மாத்தே குடிக்கறதில்ல. இலையச் செடித்தொட்டியில கொட்டறது யார் பழக்கம்னு சங்கத்துல கேளுங்க, சொல்லுவாங்க."

சுல்மா குவியலுக்குள் விரலை விட்டார். கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

அப்புறம் இரண்டு செடிகளில் கீழ்க்கிளைகள் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. "கிளைய எடுத்துட்டுப் போயிருக்கான், தன் வீட்ல நட்டுக்க," என்றான் தார்தோ. "நான் கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?" அவன் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது.

"கொம்பாத்ரே, ஒண்ணு ஊத்து. தொண்ட காயுது," என்றேன், பேச்சை மாற்ற.

"இன்னிக்கு மனசில்ல வாஷி."

அவன் மாத்தே ஊற்ற மறுத்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டாலே ஃபிளாஸ்க் மூடியில் கை போகும். தண்ணீர் தீரும் வரை இரண்டு பேரும் மாறி மாறிக் குடிப்போம், போதும் என்று நான் சொன்னதே கிடையாது. இவ்வளவு துக்கத்தில் இருக்கிறானே என்று நினைத்தேன். எபேர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"சாயங்காலம் பொதுக்குழு," என்றான் தார்தோ. "எபேர நீக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. விசாரிக்காம நீக்கக் கூடாதுன்னு நான்தான் உங்க பேரச் சொன்னேன்."

எவ்வளவு நல்லவன் பாருங்கள்.

*

சுல்மாவின் வண்டுக் கார் எபேர் குடியிருக்கும் செர்ரோ மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது.

"என்ன தோன்யா யோசிக்கறீங்க? கத முடிஞ்சுது. மூடி, இலை, கிளை. எபேர் கையெழுத்துப் போட்டு மட்டும்தான் வெக்கல."

"அதான் யோசிக்கறேன். இவ்வளவு தாராளமா ஒருத்தன் தடயம் விட்டுட்டுப் போவானா?"

"அவன் மறதிக்காரன். ஒரு தடவ பொண்டாட்டிய பஸ்ஸுலயே விட்டுட்டு எறங்கிட்டான்."

"அவ கோவிச்சுக்கிட்டு எறங்கலன்னு கேள்விப்பட்டேன்."

எபேர் வாசலிலேயே நின்றிருந்தான். கதவளவு ஆகிருதி. அவன் அக்குளிலும் ஃபிளாஸ்க், கையிலும் குடுக்கை. எங்கள் ஊர் ஆண்பிள்ளை சட்டை இல்லாமல்கூடத் தெருவுக்கு வருவான், ஃபிளாஸ்க் இல்லாமல் வரமாட்டான்.

"தார்தோ அனுப்பினானா?" என்றான். உட்காரச் சொல்லிவிட்டு, இலையை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, குடுக்கையை சுல்மாவிடம் நீட்டினான். அவர் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். உறிஞ்சும்போது அவர் உதடு கசப்பில் கோணியது. நான் ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற புத்திசாலிகள் முக்கியமான நேரத்தில் அப்படித்தான் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்போம்.

"கிராசியாஸ்," என்று குடுக்கையைத் திருப்பித் தந்தார் சுல்மா. அடுத்ததை எனக்கு ஊற்றினான் எபேர். மாத்தே குடிக்கும் இடத்தில் நன்றி சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று பொருள். போன கோடையில் ஒரு ஜெர்மன்காரர் முதல் குடுக்கைக்கே மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, எல்லாரும் குடிப்பதைச் சாயங்காலம் முழுக்க ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"டூரிஸ வாரத்துல அறைக்குள்ள போனீங்களா?"

"போகல தோன்யா. சாவியக் குடுத்தவனே போகாதன்னு சொன்னான். கதவத் தொறந்து தொறந்து மூடினா ஈரம் ஏறும், பூவுல பூஞ்சக்காளான் புடிக்கும், பீப்பாய் எல்லாத்தையும் பாத்துக்கும்னான்."

"எட்டிப் பாக்கச் சொன்னதா தார்தோ சொல்றான்," என்றேன் சூடாக.

எபேர் என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், அவனோ சோர்ந்துபோய்த் தலையை ஆட்டினான். "அவன் சொன்னா நீ நம்புவ. சங்கமும் நம்பும். நானே இத்தன வருஷம் அவன் சொன்னதத்தான் நம்பினேன்."

உள் அறையிலிருந்து இரிஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள், எபேரின் மனைவி. நரம்பு நோய். கால் மரக்கட்டையாக இறுகிவிடும், இரவில் வலியில் தூக்கம் வராது. மான்சாவின் பூவிலிருந்து எடுக்கும் எண்ணெய் நாக்கில் பட்டால்தான் அந்த இறுக்கம் விடும். வேறு ரகங்களையும் முயன்று பார்த்தாயிற்று, தலை சுற்றிற்றே தவிரக் கால் தளரவில்லை. மேஜைமேல் இருந்த குப்பியை அவளே தூக்கிக் காட்டினாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"இது தீந்தா?" என்றார் சுல்மா.

"தீந்தா தீந்ததுதான்," என்றாள் இரிஸ். "பழைய விதைக்கு முளைப்பு கொறஞ்சுபோச்சுன்னு கையில இருந்தது எல்லாத்தையும் இந்தத் தடவ போட்டுட்டாங்க. இந்தச் செடியிலேர்ந்துதான் புது விதை எடுக்கணும். ரெண்டு கிளைக்கு மட்டும் தார்தோ தூரிகையால மகரந்தம் தடவினான். எந்தக் கிளைன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆளாளுக்குக் கிள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு யாருக்கும் சொல்லல."

"விதை போனா போகுது. கிளைய வெட்டி நட்டா வராதா?"

எபேர் சிரித்துவிட்டான். "தோன்யா, இது வெளிச்சத்தப் பாத்துப் பூக்கற சாதி இல்ல. வயசப் பாத்துத் தானே பூக்கற சாதி. வெட்டின கிளைக்கும் தாயோட வயசுதான். வேர் விடறதுக்குள்ள கெழமாயிடும். இதோட கிளையத் திருடறவன் முட்டாளா இருக்கணும்."

"இது தார்தோவுக்குத் தெரியுமா?"

"அவன்தானே எனக்கே சொல்லிக் குடுத்தான்."

கிளையை நட்டுக்கொள்ளத்தான் எடுத்தான் என்று காலையில் தார்தோ சொன்னது நினைவுக்கு வந்தது. துக்கத்தில் உளறியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கடைசியா ஒண்ணு," என்று எழுந்தார் சுல்மா. "முதல் குடுக்கைய ஏன் எனக்குக் குடுத்தீங்க? முதல் தண்ணி தூளும் கசப்புமா இருக்கும், ஊத்தறவன்தான் குடிப்பான். சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

எபேரின் அகன்ற முகம் சிவந்துபோயிற்று. இரிஸ் தடியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "சொல்லேன்யா. இவருக்கு வயித்துல புண்ணு தோன்யா. டூரிஸ வாரத்துக்கு முன்னயே, கார்னிவல் முடிஞ்சதுலேர்ந்து ஒரு சொட்டு மாத்தே தொடல. சும்மா கெத்துக்குத் தூக்கிட்டுத் திரியறாரு."

"பசங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்," என்று முனகினான் எபேர். "வெளிய சொல்லிடாதீங்க."

*

கார் கிளம்பியதும் நான் ரேடியோவைத் திருகினேன். அதை அணைத்துவிட்டு சுல்மாவே ஆரம்பித்தார்.

"அந்த இலைக் குவியல்ல விரல விட்டேனே, ஈரமா இருந்துது. வாரம் முழுக்க விளக்கெரிஞ்சு மண்ணே பொடியாகிக் கெடக்கற அறையில, ஈரமான இலை. நேத்தோ இன்னிக்கோ கொட்டினது. எபேர் கொட்டல, அவன் குடிக்கறதே இல்ல."

"வேற யாராவது..."

"பீப்பாய் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்துது. வாரத்து நடுவுல யாராவது மூடிய இறுக்கியிருந்தா பாதியாவது கொறஞ்சிருக்கணும். மொத நாளே இறுக்கியாச்சு. அன்னிக்கு அறைய விட்டுக் கடைசியா வெளிய வந்தது யாரு?"

"வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தவில்லை.

"என் பொண்ணோட ஞானஸ்நானத்துல அவளக் கையில ஏந்தி நின்னவன் அவன். எங்கப்பா செத்தப்போ மூணு ராத்திரி என்கூடவே உக்காந்திருந்தவன். நீங்க பொய்யக் கேட்டுக் கேட்டு எல்லாரையும் பொய்யன்னு நெனைக்கறீங்க."

"இருக்கலாம். நான் தப்பா இருந்தா ரொம்ப சந்தோஷம்." அவர் குரல் கடுமையாக இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. "வெட்டின கிளை நடறதுக்கு இல்ல வாஷிங்டன். விதை இருந்த கிளை அது. எந்தக் கிளைன்னு தெரிஞ்சவன்தான் வெட்டியிருக்கான். ஆனா விதை கையில கெடைக்காம இது வெறும் பேச்சு. அவன் அழுவான், சத்தியம் பண்ணுவான், கூடச் சேந்து நீயும் அழுவ. பொதுக்குழு எபேர நீக்கும், இரிஸுக்குக் குப்பி காலியாகும். விதைய எங்க வெச்சிருப்பான்? உனக்குத்தான் அவனத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்ச தார்தோ இதச் செய்யவே மாட்டான்."

"சரி. காலைல அவன்கிட்ட ஏதாவது வித்தியாசமா பட்டுதா?"

"ஒண்ணும் இல்ல. மாத்தே கேட்டேன், மனசில்லன்னான். அவ்வளவு சோகம் மனுசனுக்கு."

சுல்மா பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரிக்காரன் எங்கள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் உரக்க விசாரித்துக்கொண்டு கடந்து போனான்.

*

காத்தாடிச் சங்கத்தில் பொதுக்குழு என்றால் முதலில் இறைச்சி, பிறகுதான் தீர்மானம். முற்றத்து அடுப்பில் விலா எலும்பு வெந்துகொண்டிருந்தது. கங்கின் ஓரத்தில் பெரிய கெண்டியில் வெந்நீர் தளதளத்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அதிலிருந்து தன் ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டான். எபேரும் இரிஸும் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

தார்தோ என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தான். அவன் ஃபிளாஸ்க் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இருந்தது.

"என்ன சொல்றாங்க உங்க தோன்யா?" என்று காதோடு கேட்டான்.

"பசிக்குதுன்னாங்க," என்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எபேரின் பெயரைச் சொன்னார். சுல்மா கை உயர்த்தினார்.

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி தொண்டைய நனைச்சுக்கறேன். செஞ்யோர் தார்தோ, உங்க கையால ஒரு குடுக்கை குடுங்க. நல்லா ஊத்துவீங்கன்னு வாஷிங்டன் எப்பவும் சொல்லுவான்."

"ஆறிப்போச்சு தோன்யா," என்றான் தார்தோ.

"கெண்டி கொதிக்குது. ஆறினதக் கொட்டிட்டு நிரப்பிக்கங்க."

"இன்னிக்கு எனக்கு மனசில்ல."

"காலையிலேர்ந்தே மனசில்ல. ஆனா ஃபிளாஸ்க் மட்டும் கைய விட்டு எறங்கல. எபேர் குடிக்காமலே தூக்கிட்டுத் திரியறாருன்னா அவருக்கு வயித்துல புண்ணு..."

"தோன்யா," என்று பரிதாபமாக முனகினான் எபேர்.

"மன்னிச்சுக்கங்க எபேர், மானத்தவிடப் பேர் முக்கியம். கார்னிவல்லேர்ந்து அவர் மாத்தே தொடல. அப்ப செடித்தொட்டியில ஈரம் காயாம கெடக்கற இலை அவரோடது இல்ல." முற்றம் முழுக்க எல்லோரும் எபேரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுல்மா தார்தோவையே பார்த்தார். "உங்களுக்கும் வயித்துல புண்ணா?"

விலா எலும்பிலிருந்து கொழுப்பு சொட்டும் சத்தம் கேட்டது. வெந்நீர் பக்கத்தில் கொதிக்கும்போது ஃபிளாஸ்க்கை நிரப்பாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை அந்த முற்றத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொருவராக அவன் காலடியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"வாஷி," என்றான் தார்தோ. "சொல்லேண்டா இந்தம்மாகிட்ட."

எழுந்தேன். குனிந்து அவன் பாதங்களுக்கு நடுவிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தேன். வேறு யார் கையும் அதை எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவன் தடுக்கவில்லை. ஃபிளாஸ்க் கனக்கவே இல்லை. ஆட்டினேன். உலர்ந்த சலசலப்புக் கேட்டது. மனசுக்குள் அதுவரை அவனுக்காகப் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றுபோயிற்று.

மூடியைத் திறந்து இறைச்சி வெட்டும் பலகையின் மேல் கவிழ்த்தேன். பழுப்பு நிறத்தில், வரி வரியாக, விதைகள் கொட்டின. கூடவே ஓர் ஒயின் தக்கை உருண்டு வந்து நின்றது.

இரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராத்திரிக் கப்பலா?" என்றார் சுல்மா. "புவனஸ் அயர்ஸுக்கு?"

தார்தோ தலையசைத்தான். "அங்க விதை விக்கறவன் ஒருத்தன். மான்சா வேணும்னான். தன்கிட்ட மட்டும்தான் இருக்கணும்னான்."

"போர்டர்ல உருகுவேக்காரனோட ஃபிளாஸ்க்க எவன் தொறந்து பாப்பான்," என்றேன். நகைச்சுவையாகச் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

எபேர் மெதுவாக எழுந்து வந்தான். அடிப்பான் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். பலகைக்கு எதிரே வந்து நின்றுகொண்டான்.

"விதைய எடுத்துட்டுப் போயிருக்கலாமே. செடிய ஏன் கொன்ன?"

"காத்துல மகரந்தம் பறக்கும். வேற கிளையிலயும் பிந்தி ஒண்ணு ரெண்டு விதை புடிச்சிருக்கும், முத்த விட்டா பூவ ஆயறப்ப உங்க கையில கெடைச்சிருக்கும். உங்ககிட்டயும் இருந்தா அவன் வாங்க மாட்டான்."

"இரிஸ நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சேன்." அவன் அடுப்புக் கங்கைப் பார்த்தான். "நெனைக்காம இருக்கப் பாத்தேன்."

"பழிய ஏன் என் மேல போட்ட?"

"சாவி உங்கிட்ட இருந்துது."

அவ்வளவுதான். பகை கிடையாது, பழைய கணக்கு கிடையாது. எபேர் கையில் சாவி இருந்தது, அதனால் எபேர். கூடச் சேர்ந்து பீப்பாயை மேடையில் தூக்கி வைத்தவன் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நானும் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எங்கள ஏன் கூப்பிட்ட? இந்த ஊர்ல வேற துப்பறியறவங்களே இல்லியா?"

"எபேர்தான் விசாரணை வேணும்னு அடம் புடிச்சான். நான் உன் பேரச் சொன்னேன்." அவன் என் கண்ணைப் பார்த்தே சொன்னான், அதற்கு மட்டும் தைரியம் இருந்தது. "நீ கூட இருந்தா, நான் காட்டற எடத்தத்தான் அந்தம்மா பாப்பாங்கன்னு நெனச்சேன். நீ என்ன நம்புவன்னு தெரியும் வாஷி."

எபேருக்குச் சாவி. எனக்கு நட்பு. இரண்டும் அவனுக்கு ஒரே மாதிரிப் பயன்படும் சாமான். என் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்த இரவுகளை நினைத்தேன். அதில் எது நிஜம் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? துரோகம் செய்தவன் நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடுவான், நேற்றையெல்லாம் சந்தேகப்படும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு.

தலைவர் ஓட்டெடுப்பு நடத்தவில்லை, தேவைப்படவில்லை. இரிஸ் பலகையருகில் வந்து விதைகளைக் காலிக் குப்பி ஒன்றுக்குள் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். விறைத்த விரலிலிருந்து ஒரு விதை நழுவித் தரையில் விழுந்தது. மொத்தச் சங்கமும் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடியது. தார்தோவும் குனிந்தான். "நீ வேணாம்," என்றாள் இரிஸ். அவன் நிமிர்ந்துகொண்டான். விதை எபேரின் செருப்புக்கடியில் பத்திரமாக இருந்தது.

காலி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தார்தோ அடுப்பருகே போனான். கெண்டியைச் சாய்த்து நிரப்பினான். மூடியை இறுக்கி அக்குளில் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

என் கால்கள் அவன் பின்னாலேயே போயின, பழக்கம்.

வாசல் கம்பியில் சாய்ந்துகொண்டு குடுக்கையில் இலை நிரப்பினான். முதல் தண்ணீரை முறைப்படி தானே குடித்துத் துப்பினான். இரண்டாவதை நுரை ததும்ப ஊற்றி, உறிஞ்சுகுழல் என் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினான்.

"ஒண்ணு குடி, கொம்பாத்ரே."

வாங்கிக்கொண்டேன். சுடுசுடுவென்று, கசப்பு சரியான அளவில், எப்போதும்போல நன்றாகவே ஊற்றியிருந்தான். குழல் வெறும் காற்றை இழுக்கும் வரை குடித்தேன். குடுக்கையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"கிராசியாஸ்," என்றேன்.

அவன் ஃபிளாஸ்க்கின் மூடியில் கை வைத்திருந்தான். கையை எடுத்துக்கொண்டான்.